பரங்கிக்காய் ரோல் கேக்: சூடாக இருக்கும்போதே சுருட்டுங்கள்

அமெரிக்காவில் நவம்பரில் வரும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை விருந்துக்கு யார் என்ன கொண்டுவருவது என்ற பேச்சு எழுந்தவுடனே நான் முந்திக்கொண்டு பரங்கிக்காய் ரோலுக்குப் பெயர் கொடுத்துவிடுவேன். பரங்கிக்காய் பை (pie) எல்லார் வீட்டிலும் இருக்கும், கடையிலும் கிடைக்கும். இந்த ரோல் கேக் அப்படி இல்லை. மிருதுவான ஆரஞ்சு நிற கேக், உள்ளே புளிப்பும் இனிப்புமான க்ரீம் சீஸ், வெட்டினால் சுருள் சுருளாக ஒரு கோலம். வேலை கொஞ்சம் நுணுக்கமானதுதான். ஆனால் நவம்பர் கடைசியில் இதைவிட வசதியான இனிப்பு எனக்குத் தெரிந்து கிடையாது.

வசதி என்று சொல்வதற்குக் காரணம் ஓவன். நவம்பர் மாதம் நான்காவது வியாழக்கிழமை அமெரிக்க வீடுகளில் ஓவனுக்குத்தான் பெரிய போட்டி. வான்கோழி 325 டிகிரி ஃபாரன்ஹீட்டில் மூன்று, நான்கு மணி நேரம் உள்ளே உட்கார்ந்திருக்கும். அது வெளியே வந்ததும் மற்ற பதார்த்தங்கள் வரிசையில் நிற்கும். கேக்குக்கு 375 டிகிரி வேண்டும் என்று அந்த நேரத்தில் போய்க் கேட்க முடியுமா? ரோல் கேக்கை முந்தின வாரமே செய்து ஃப்ரீசரில் வைத்துவிடலாம். ஒரு நாள் ஊறினால் ருசி கூடவே செய்கிறது. விருந்தன்று நமக்கு மிச்சம் இருப்பது வெட்டித் தட்டில் அடுக்கும் வேலை மட்டும்தான்.

முதலில் பரங்கிக்காய். டப்பா விழுது வாங்குவதில் எந்தத் தயக்கமும் வேண்டாம். அமெரிக்காவில் டப்பாவில் அடைக்கப்படும் பரங்கியில் பெரும்பங்கு இல்லினாய் மாநிலத்தில், மார்ட்டன் என்ற ஊரைச் சுற்றி விளைகிறது. டிக்கின்சன் என்ற ரகம். தோல் வெளிறிய பழுப்பு, சதை கெட்டி, நார் குறைவு. நம் ஊர் சமையல் பரங்கியும் இதுவும் ஒரே தாவர இனம். ஹாலோவீனுக்கு முகம் செதுக்கி வாசலில் வைக்கிற பெரிய ஆரஞ்சுப் பூசணி வேறு இனம். அதன் சதையில் தண்ணீரும் நாரும்தான் அதிகம், இனிப்பு இல்லை. வீணாகப் போகிறதே என்று அதை எடுத்துக் கேக்கில் போடாதீர்கள்.

டப்பா வாங்கும்போது லேபிளைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். கடை அலமாரியில் வெறும் பரங்கி விழுதும், 'பை ஃபில்லிங்' என்கிற மசாலாவும் சர்க்கரையும் கலந்த விழுதும் பக்கத்துப் பக்கத்தில், கிட்டத்தட்ட ஒரே மாதிரி டப்பாவில் இருக்கும். நமக்கு வேண்டியது முதலாவது. உட்பொருள் பட்டியலில் பரங்கியைத் தவிர வேறு பெயர் இருக்கக் கூடாது.

முழுக் காயிலிருந்துதான் செய்வேன் என்பவர்கள் பட்டர்நட் என்ற பரங்கி வகையை வாங்கலாம், அல்லது சின்ன 'பை பம்ப்கின்' வாங்கலாம். இரண்டாக வெட்டி, விதை நீக்கி, வெட்டிய முகம் கீழே இருக்கும்படி தட்டில் கவிழ்த்து, 400 டிகிரியில் கத்தி தடையில்லாமல் இறங்கும்வரை சுட்டு எடுங்கள். சதையை வழித்து மிக்ஸியில் அடித்து, மெல்லிய துணி விரித்த வடிகட்டியில் ஒரு மணி நேரமாவது வைக்க வேண்டும். வடிகிற தண்ணீரைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். அது அத்தனையும் கேக்குக்குள் போயிருந்தால் நடுவில் வேகாமல் பிசுபிசுவென்று நிற்கும். டப்பா விழுது எவ்வளவு கெட்டியாக இருக்குமோ, கரண்டியில் எடுத்தால் அப்படியே குவியலாக நிற்க வேண்டும், அதுதான் பதம்.

ஒரு ரோலுக்கு என் அளவு இது. மைதா 95 கிராம், அதாவது முக்கால் கப். முட்டை மூன்று, பெரியது. பரங்கி விழுது 160 கிராம். சர்க்கரை வழக்கமாக 200 கிராம் போடுவார்கள், நான் 170 போடுகிறேன். பேக்கிங் பவுடர் அரை டீஸ்பூன், பேக்கிங் சோடா அரை டீஸ்பூன், உப்பு கால் டீஸ்பூன். கேக்கில் வெண்ணெயும் கிடையாது, எண்ணெயும் கிடையாது. ஈரத்தைப் பரங்கி பார்த்துக்கொள்கிறது, எழும்புவதை முட்டை பார்த்துக்கொள்கிறது.

சர்க்கரையை இன்னும் குறைக்கலாமா என்று என்னிடம் கேட்காதவர்களே இல்லை. இந்தக் கேக்கில் கூடாது. சர்க்கரை இனிப்பு மட்டும் கொடுப்பதில்லை, தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அந்த ஈரம் இருந்தால்தான் கேக் வளையும். பாதியாகக் குறைத்துச் செய்த கேக் சாப்பிட நன்றாகவே இருக்கும், சுருட்டும்போது பாளம் பாளமாக வெடிக்கும். இனிப்பைக் குறைக்க விரும்பினால் உள்ளே பூசும் க்ரீமில் குறையுங்கள். அங்கே நிறைய இடம் இருக்கிறது.

மசாலாவில் அவரவர் கைப்பக்குவம். நான் பட்டைத்தூள் ஒரு டீஸ்பூன், சுக்குத்தூள் அரை டீஸ்பூன், துருவிய ஜாதிக்காய் கால் டீஸ்பூன், கிராம்புத்தூள் ஒரு சிட்டிகை போடுவேன். பல குறிப்புகளில் கிராம்பு அரை டீஸ்பூன் வரை சொல்லியிருப்பார்கள். எனக்கு அது அதிகம். கிராம்பு கூடினால் நாக்கு மரத்து, பரங்கியின் மெல்லிய வாசனை அப்படியே அமுங்கிவிடும். ஏலக்காய் சேர்க்கலாம், கெட்டுப்போகாது. ஆனால் ஏலக்காய் வந்தவுடன் கேக் வேறொரு இனிப்பாக மாறிவிடுகிறது, அதனால் நான் சேர்ப்பதில்லை. மாறாக மிளகுத்தூள் இரண்டு விரலில் எடுக்கிற அளவு போட்டுப் பாருங்கள். சுக்கின் காரம் தூக்கலாகத் தெரியும்.

முட்டையையும் சர்க்கரையையும் பீட்டரில் நல்ல வேகத்தில் ஐந்து நிமிடம் அடிக்க வேண்டும். மஞ்சள் நிறம் வெளுத்து, கலவை இரண்டு மடங்காகி, பீட்டரைத் தூக்கினால் நாடா மாதிரி விழுந்து, விழுந்த தடம் ஓரிரு நொடி மேலேயே நிற்கும். இந்த ஐந்து நிமிடத்தில் கஞ்சத்தனம் பண்ணினால் கேக் தட்டையாக, ரப்பர் போல வரும். பிறகு பரங்கி விழுதைச் சேர்த்துக் குறைந்த வேகத்தில் ஒரு சுற்று. மைதா, மசாலா, சோடா எல்லாவற்றையும் ஒன்றாகச் சலித்து மேலே தூவி, ஸ்பாட்டுலாவால் அடியிலிருந்து மடித்துக் கலக்குங்கள். வெள்ளை மறைந்ததும் நிறுத்திவிடுங்கள்.

தட்டு 15 அங்குல நீளம், 10 அங்குல அகலம், ஓர் அங்குல ஆழம் இருக்க வேண்டும். 'ஜெல்லி ரோல் பேன்' என்று கேட்டால் கொடுப்பார்கள். குக்கீ சுடும் பெரிய தட்டில் ஊற்றினால் மாவு மெல்லியதாகப் பரவிக் காய்ந்துவிடும். பார்ச்மென்ட் பேப்பரை இரண்டு பக்கமும் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி விரியுங்கள், பிறகு தூக்குவதற்குப் பிடி கிடைக்கும். மாவை மூலை வரை ஒரே கனமாக இழுத்துவிட வேண்டும். மூலையில் மெல்லியதாக இருந்தால் அங்கேதான் முதலில் முறுகும், அங்கேதான் முதலில் கீறலும் விழும். என் ஓவனில் பின்பக்கம் இடது மூலை கொஞ்சம் கொதிப்பு அதிகம். அதனால் பாதி நேரத்தில் தட்டைத் திருப்பி வைப்பேன்.

375 டிகிரி, செல்சியஸில் 190. பதின்மூன்று முதல் பதினைந்து நிமிடம் என்பார்கள். நான் பன்னிரண்டாவது நிமிடத்திலேயே திறந்து விரலால் தொட்டுப் பார்ப்பேன். அழுத்தினால் மெதுவாகத் திரும்பி எழ வேண்டும், விரலில் ஒட்டக் கூடாது. ஓரம் பழுப்பாகித் தட்டிலிருந்து விலகும்வரை விட்டுவிட்டால் தாமதம். இத்தனை மெல்லிய கேக்கில் இரண்டு நிமிடம் என்பது பெரிய வித்தியாசம். கறுப்புத் தட்டு என்றால் இன்னும் சீக்கிரம் வெந்துவிடும்.

இனிமேல்தான் இந்தக் கேக்கின் உயிர் இருக்கிறது. கேக் ஓவனில் இருக்கும்போதே மேசையில் துணியை விரித்துத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். டர்க்கி டவல் வேண்டாம், பூப்பூவாக இழை நீட்டியிருக்கும், கேக்கில் பதிந்து ஒட்டும். மெல்லிய, வழவழப்பான பருத்தித் துணி வேண்டும். அப்பாவின் பழைய எட்டு முழ வேட்டியிலிருந்து வெட்டிய ஒரு துண்டை இதற்கென்றே வைத்திருக்கிறேன். துவைத்துத் துவைத்துப் பட்டு மாதிரி ஆகிவிட்ட துணி. அதை வாசனை சோப்பில் போடவே மாட்டேன், சுடுதண்ணீரில் அலசி வெயிலில் காய வைப்பதோடு சரி. வாஷிங் மெஷினில் போடும் வாசனைத் திரவம் துணியில் இருந்தால் அந்த மணம் சூடான கேக்கில் அப்படியே ஏறிவிடும், பிறகு எத்தனை பட்டை போட்டாலும் போகாது.

துணி முழுக்க ஐசிங் சுகரைச் சலித்துத் தூவுங்கள். தாராளமாக, கால் கப் வரை. கடையில் விற்கும் ஐசிங் சுகரில் கொஞ்சம் சோள மாவு கலந்திருக்கும். அது ஈரத்தை உறிஞ்சி ஒட்டாமல் காக்கிறது. வீட்டில் பொடித்த சர்க்கரை இந்த இடத்துக்குச் சரிவராது, உருகிப் பசையாகிவிடும்.

ஓவனிலிருந்து எடுத்ததும் கேக்கைத் துணியின்மேல் கவிழ்த்து, பேப்பரை மெதுவாக உரியுங்கள். ஆவி பறக்கும், விரல் சுடும். அப்போதே, அந்தச் சூட்டிலேயே, துணியோடு சேர்த்துச் சுருட்டிவிட வேண்டும். "அம்மா, பேசிக்கிட்டே இருக்காதீங்க, ஆறிடப் போகுது" என்று என் மகள் பக்கத்தில் நின்று அவசரப்படுத்துவாள். அவள் சொல்வது சரி. சூடாக இருக்கும்போது கேக்கில் உள்ள மாவுச்சத்து ஊதி, நெகிழ்ந்து இருக்கிறது. நாம் வளைத்த பக்கம் வளையும். ஆற ஆற அது இறுகி, எந்த வடிவத்தில் இருக்கிறதோ அதையே பிடித்துக்கொள்ளும். தட்டையாக ஆறவிட்டால் தட்டைதான் அதன் வடிவம். பிறகு சுருட்டினால் உடையும். சுருளாக ஆறவிட்டால் விரித்த பிறகும் தானாகவே சுருளப் பார்க்கும். துணிக்குள் அடைபட்ட ஆவி மேல்தோலைக் காயவிடாமல் வைத்திருப்பது இன்னொரு நன்மை.

பத்து அங்குலப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். அப்படிச் செய்தால் ரோல் குட்டையாக, தடியாக, சுற்று அதிகமாக இருக்கும். வெட்டினால் கோலம் அழகாகத் தெரியும். நீளவாக்கில் சுருட்டினால் மெலிந்த ரோலில் ஒன்றரைச் சுற்றுதான் கிடைக்கும். முதல் மடிப்பில் துணியின் நுனியைக் கேக்கின்மேல் மடித்துக்கொண்டு, அழுத்தாமல், ஆனால் இடைவெளி விடாமல் உருட்டுங்கள். பாய் சுருட்டத் தெரிந்தவர்களுக்கு இது கை பழகிய வேலை. மடிப்பின் நுனி அடியில் வரும்படி கம்பித் தட்டில் வைத்து முழுக்க ஆறவிடுங்கள். ஒரு மணி நேரமாவது ஆகும். தொட்டால் உள்பக்கமும் குளிர்ந்திருக்க வேண்டும், வெதுவெதுப்பு இருந்தால் க்ரீம் உருகி வழியும்.

க்ரீமுக்குக் கட்டியாகச் சதுரப் பொட்டலத்தில் வரும் க்ரீம் சீஸ்தான் வேண்டும், 226 கிராம் பாக்கெட் ஒன்று. அமெரிக்க விதிப்படி க்ரீம் சீஸ் என்று பெயர் போட்டு விற்க வேண்டுமானால் அதில் குறைந்தது 33 சதவீதம் பால் கொழுப்பு இருக்க வேண்டும், ஈரம் 55 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ரொட்டியில் தடவ டப்பாவில் வரும் 'ஸ்ப்ரெட்' அப்படி இல்லை, இளகலாக இருக்கும். அதைப் பூசினால் ரோலை வெட்டும்போது க்ரீம் பக்கவாட்டில் பிதுங்கி வெளியே வரும்.

உப்பில்லாத வெண்ணெய் 60 கிராம், ஐசிங் சுகர் 100 கிராம், வெனிலா ஒரு டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை. வெண்ணெய் அறைச் சூட்டுக்கு வந்திருக்க வேண்டும். வெண்ணெயையும் சர்க்கரையையும் முதலில் தனியாக அடித்து நுரைக்கவிட்டு, அதற்குப் பிறகுதான் க்ரீம் சீஸைத் துண்டு துண்டாகச் சேர்ப்பேன். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு நெடுநேரம் அடித்தால் சர்க்கரை சீஸிலிருந்து தண்ணீரை இழுத்துவிடும், க்ரீம் மோர்க்குழம்பு பதத்துக்குப் போய்விடும். சீஸ் சேர்ந்த பிறகு கட்டி மறைந்தால் போதும், உடனே நிறுத்திவிடலாம். எலுமிச்சைத் தோலை லேசாகத் துருவிச் சேர்த்தால் நன்றாக இருக்கிறது. என் வீட்டில் பாதிப் பேருக்குப் பிடிக்கும்.

ஆறிய ரோலை விரிக்கும்போது பொறுமை வேண்டும். உள்முனை நத்தை போலச் சுருண்டே நிற்கும். அதைத் தட்டையாக்க முயலாதீர்கள், விரிசல் அங்கேதான் விழும். சுருண்டபடியே விட்டுவிட்டு அதன் உட்புறத்தில் ஸ்பாட்டுலாவால் க்ரீமைத் தடவலாம். மற்ற இடமெல்லாம் ஒரே கனமாகப் பூசி, வெளிமுனையில் மட்டும் ஓர் அங்குலம் வெறுமையாக விடுங்கள். திரும்பச் சுருட்டும்போது க்ரீம் முன்னால் நகர்ந்து அந்த இடத்தை நிரப்பும். இந்த முறை துணி உள்ளே போகக் கூடாது, துணியைத் தூக்கிப் பிடித்துக் கேக்கை மட்டும் முன்னால் தள்ளிச் சுருட்ட வேண்டும். மேலே சின்னக் கீறல் விழுந்தால் பரவாயில்லை. பிளாஸ்டிக் தாளில் இறுகச் சுற்றி, இரண்டு முனையையும் மிட்டாய் போல முறுக்கி ஃப்ரிட்ஜில் வைத்தால் கீறல் மூடி ஒட்டிக்கொள்ளும். பரிமாறும்போது தூவும் ஐசிங் சுகர் மீதியை மறைக்கும்.

முட்டை இல்லாமல் செய்ய முடியுமா என்று என் அண்ணி கேட்பார். அவர் முட்டை சாப்பிடுவதில்லை. தயிரும் சோடாவும் போட்டு முட்டையில்லாத பரங்கிக் கேக் அருமையாக வரும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அதைச் சுருட்ட முடியாது. வளைந்து கொடுக்கும் வேலையைச் செய்வது முட்டையின் புரதம்தான், அதை எடுத்துவிட்டால் கேக் உதிரும். அதனால் அண்ணி வரும்போது முட்டையில்லாத கேக்கைச் சதுரத் தட்டில் சுட்டு, குறுக்கே இரண்டாக அறுத்து, இதே க்ரீமை நடுவில் பூசி அடுக்குக் கேக்காக வைப்பேன். ருசியில் ஒரு குறையும் இல்லை. முட்டையில்லாத ரோல் என்று நானாக ஒன்றைச் சொல்லி யாருடைய பண்டிகை நாளையும் கெடுக்க மனம் வரவில்லை.

வெட்டுவதற்கு முன் நான்கு மணி நேரமாவது ஃப்ரிட்ஜில் இருக்க வேண்டும், முந்தின இரவே வைத்துவிட்டால் இன்னும் நல்லது. ரொட்டி அறுக்கும் பல் கத்தியால், அழுத்தாமல், முன்னும் பின்னும் இழுத்து வெட்டுங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் கத்தியைத் துடைத்துக்கொண்டால் க்ரீம் கேக்கில் அப்பாது. ஓர் அங்குலக் கனத்தில் எட்டு, ஒன்பது துண்டு வரும், இரண்டு முனையும் போக. மேசையில் வைத்தபின் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே விடாதீர்கள். உள்ளே இருப்பது பால் பொருள். விருந்து நீளும் என்று தெரிந்தால் பாதியை வெட்டி வைத்துவிட்டு மீதியை உள்ளேயே வைத்திருங்கள்.

சர்க்கரைத் தூவல் கடைசி நிமிட வேலை. முன்கூட்டியே தூவினால் குளிர்ந்த கேக்கின் ஈரத்தில் உருகிக் காணாமல் போய்விடும்.

ஒரு டப்பாவில் 425 கிராம் விழுது இருக்கும். ஒரு ரோலுக்கு 160 போனால் இன்னொன்றுக்குத் தாராளமாக மிஞ்சும். ஓவன் ஏற்கெனவே சூடாக இருக்கிறது, பாத்திரமும் அழுக்காகிவிட்டது, அன்றைக்கே இரண்டாவதையும் போட்டுவிடுங்கள். இரண்டு சுற்றுப் பிளாஸ்டிக் தாள், அதன்மேல் அலுமினியத் தாள், மேலே தேதி எழுதி ஃப்ரீசரில் வைத்தால் கிறிஸ்துமஸ் வரை அப்படியே இருக்கும். டிசம்பர் 24 இரவு, சுற்றிய தாளைப் பிரிக்காமலே ஃப்ரிட்ஜுக்கு மாற்றிவிடுங்கள். பிரித்து வைத்தால் மேலே தண்ணீர் கோத்துக்கொள்ளும். மறுநாள் காலையில் வெட்டும் பதத்தில் இருக்கும்.